ரூம் போட்டு யோசித்தால் நாவல் வந்துவிடுமா?

குன்னூரில் உட்கார்ந்து நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், கீழேயிருந்து வரும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "உங்களுக்கென்ன, பனிமூட்டத்தைப் பார்த்தாலே கதை தானா வந்துடும்." சினிமாக்காரர்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை எடுத்துக் கதை பேசியதில், 'ரூம் போட்டு யோசிப்பாங்களோ' என்பது தமிழ்நாடு முழுக்க ஒரு கிண்டலாகவே நிலைத்துவிட்டது. குளிரும் தனிமையும் ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கும் இருந்தால் எழுத்து தானாக ஓடும் என்ற நம்பிக்கையும் அந்தக் கிண்டலோடு சேர்ந்தே பரவியது. பனிமூட்டத்தில் தானாக வருவது பெரும்பாலும் சளிதான்.

எழுத்துக் குழு ஒன்றில் இருக்கிறேன் என்று சொன்னால் குழப்பம் இன்னும் கூடும். "எல்லாரும் சேர்ந்து ஒரே நாவலை எழுதுவீங்களா?" என்று ஒருவர் கேட்பார். "ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிஞ்சுக்குவீங்க, அவ்வளவுதானே" என்பார் இன்னொருவர். இலக்கியம் கொஞ்சம் படித்தவராக இருந்தால், பத்துப் பேர் கைபட்டால் எழுத்தின் தனித்தன்மை போய்விடும் என்று எச்சரிப்பார். மூன்று பேரும் சொல்வது நடக்காமல் இல்லை. ஆனால் அவை குழு தவறாக நடக்கும்போது நடப்பவை. சரியாக நடக்கும் குழுவில் வேறு ஒன்று நடக்கிறது. அதைத்தான் புதிதாக எழுத வருகிறவர்களுக்காக இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

மூன்று விதக் கூட்டங்கள்

முதலில், எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வோம்.

சினிமா டிஸ்கஷனில் பல தலைகள் சேர்ந்து ஒரு கதையைச் செய்கின்றன. ஒருவர் ஆரம்பம் சொல்வார், இன்னொருவர் இடைவேளைத் திருப்பம் சொல்வார், கடைசியில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அது அந்தத் தொழிலுக்குப் பொருந்தும். நாவலுக்குப் பொருந்தாது.

இலக்கிய வட்டம் வேறு வகை. 1930களில் 'மணிக்கொடி' இதழைச் சுற்றி எழுத்தாளர்களின் ஒரு தலைமுறையே உருவானது. நீலகிரியிலேயே, நடராஜ குரு 1923இல் தொடங்கிய, ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் உள்ள நாராயண குருகுலத்தில், ஜெயமோகனும் நண்பர்களும் பல ஆண்டுகள் இலக்கிய முகாம்கள் நடத்தியிருக்கிறார்கள். இத்தகைய இடங்களில் பெரும்பாலும் எழுதி முடித்த படைப்புகளைப் பற்றிப் பேச்சு நடக்கும். ரசனை வளரும், படிக்கும் பழக்கம் வளரும். இதுவும் நமக்கு வேண்டியதுதான், ஆனால் இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல.

மூன்றாவது, வரைவுக் குழு. வரைவு என்றால் இன்னும் முடியாத, மாற்றப்படப்போகிற பிரதி. நாலைந்து பேர், ஆளுக்கொரு நாவல், எல்லாம் பாதியில் நிற்கும். ஒருவருடைய கதையை இன்னொருவர் எழுதுவதில்லை. அப்படியானால் கூடி என்னதான் செய்கிறார்கள்?

மலை ரயிலின் பல்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் அளவுக்குச் செங்குத்து வருகிறது. வழுவழுப்பான இரும்பின் மேல் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டு ஓடுகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதில் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறுகிறது. குன்னூரைத் தாண்டினால் அந்தத் தண்டு கிடையாது, தேவையும் இல்லை.

பல் தண்டு ரயிலை ஒரு அங்குலம்கூட நகர்த்துவதில்லை. தள்ளுவது இன்ஜின். ஏறின தூரத்திலிருந்து பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்வதுதான் தண்டின் வேலை. எழுத்துக் குழுவின் வேலையும் இதுதான். தள்ள வேண்டியவர் எழுதுகிறவர். செங்குத்தான பகுதியில் அவர் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும், அது குழு. சமதளத்திலும் தண்டு போட்டு வைத்தால் வீண் செலவு. நாவலில் எங்கே செங்குத்து, எங்கே சமதளம் என்று தெரிய வேண்டுமானால் நாவல் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

*இதுவரை:* வரைவுக் குழு கூட்டாகக் கதை செய்யும் இடமும் அல்ல, முடிந்த நூலை மதிப்பிடும் இடமும் அல்ல. பாதியில் நிற்கும் நாவலை, அதை எழுதுகிறவரே முடிக்கும்படி பிடித்துக்கொடுக்கும் இடம்.

களம் கையில் இருந்தால் கதை இருப்பதாக அர்த்தமில்லை

விளக்கத்துக்காக ஒரு நாவலை நாமே கற்பனை செய்துகொள்வோம்.

"தாயகம் திரும்பினவங்களைப் பத்தி ஒரு நாவல் எழுதப் போறேன்" என்று ஒருவர் வருகிறார். நல்ல களம். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி இலங்கையின் மலையகத் தமிழரில், அதாவது தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்தவர்களில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் டேன்டீயின் (தமிழக அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் கனமானது. ஆனால் இதில் இன்னும் கதை இல்லை. கதை நடக்கப்போகும் இடமும் காலமும் மட்டும்தான் இருக்கின்றன. களம் என்பது இதைத்தான்.

அடுத்த படி, மனிதர்கள். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், அப்பா, அம்மா, இரண்டு மகள்கள். மூத்தவளுக்குக் கல்யாணமாகி அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அப்புறம் மற்ற மூவரும் கப்பலேறினார்கள். அப்புறம் கூடலூர் வந்தார்கள். அப்புறம் இளையவள் கொழுந்து பறிக்கப் போனாள். அப்புறம் அவளுக்கும் கல்யாணம், பிள்ளை, நரை. இது கதை, அதாவது நிகழ்ச்சிகள் காலவரிசையில் நிற்பது. எத்தனை 'அப்புறம்' வேண்டுமானாலும் சேர்க்கலாம், படிப்பவர் எந்த இடத்திலும் புத்தகத்தை மூடிவைக்கலாம்.

'அப்புறம்' இருக்கும் இடங்களில் 'அதனால்', 'ஆனால்' வரும்போதுதான் கதைப்பின்னல் உண்டாகிறது. இளையவளுக்கு இப்போது டேன்டீயில் ஓய்வு பெறும் வயது. தோட்டத்துக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், அதனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் அங்கே வரச் சொல்கிறான். ஆனால் அவளுக்கு இன்னொரு தடவை ஊர் விட்டு ஊர் போக மனமில்லை. அப்பா அன்றைக்கு எப்படி முடிவெடுத்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வேறு வழி இல்லை என்றுதான் அவர் சாகும்வரை சொன்னார். அது உண்மையா என்று தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அக்காவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது ஒருத்திக்கு ஒன்று வேண்டும், அதைத் தடுக்க ஒன்று குறுக்கே நிற்கிறது. இந்த இழுபறிக்கு முரண் என்று பெயர். முரண் என்றதும் வில்லனைத் தேட வேண்டியதில்லை. இந்த நாவலில் வில்லனே கிடையாது.

திட்டமிடும் கட்டத்தில் குழு செய்யக்கூடிய நல்ல காரியம் கேள்வி கேட்பது. யோசனை சொல்வது அல்ல. மேலே உள்ளதில் ஓய்வு, குடியிருப்பு, திருப்பூர் எல்லாம் எப்படி வந்தன என்று பாருங்கள். "அவளுக்கு இது ஏன் இப்போ தெரியணும்? பத்து வருஷம் முன்னாடி ஏன் கேக்கலை?" என்று ஒருவர் கேட்டால் போதும், எழுதுகிறவர் பதில் தேடப் புறப்பட்டுவிடுவார். அதே இடத்தில் ஒருவர் "அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்துச்சுன்னு வையுங்க, சூப்பரா இருக்கும்" என்று சொல்லியிருந்தால் அது சினிமா டிஸ்கஷன் ஆகியிருக்கும். அந்த இன்னொரு குடும்பம் சொன்னவருடைய நாவலுக்கானது. எழுதுகிறவர் அதை மூன்று அத்தியாயம் சுமந்துவிட்டுக் கீழே போடுவார்.

எவ்வளவு திட்டம் போதும்?

இங்கே எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. எல்லாக் காட்சியையும் முன்பே எழுதிவைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. போகப் போகப் பார்த்துக்கொள்வோம் என்பவர்கள் இன்னொரு கட்சி. இதில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவில்லை. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள், வெளியில் ஒரு கட்சியின் பேரைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

திட்டக்காரர்களுக்கு அடிப்படை அலகு காட்சி: ஒரு இடத்தில், ஒரு நேரத்தில், ஒருவர் எதையோ வேண்டி நிற்க, முடியும்போது ஏதோ ஒன்று மாறியிருக்கும் பகுதி. ஒரு காட்சிக்கு ஒரு அட்டை. 'இளையவள் அக்காவின் முகவரி கேட்டு மண்டபத்துக் காலத் தோழியைப் பார்க்கிறாள். தோழி தருகிறாள், ஆனால் அக்கா கேட்டால் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறாள்.' இரண்டு வரி போதும். அட்டைகளைத் தரையில் பரப்பிவிட்டு ஒன்றை உருவிப் பாருங்கள். மற்ற அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் காட்சி தேவையில்லை.

திட்டமே போடாதவர்களுக்கும் ஒன்று தேவைப்படும், காலத்தின் அளவு. கதை ஒரு வாரத்தில் நடக்கிறதா, மூன்று தலைமுறையிலா? இதற்கு நம் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மின்பொறியாளரான கணவரின் வேலையை ஒட்டி நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படுகர் வாழ்க்கையை வைத்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்தப் பூப்பையே நாவலின் காலக்கணக்காக அவர் வைத்துக்கொண்டார். ஒரு பூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஊரில் என்ன மாறியது என்று கேட்டாலே அடுத்த பகுதிக்கு வழி கிடைத்துவிடும். களத்துக்குப் போய்த் தங்கி, மனிதர்களோடு பழகிவிட்டு எழுதுவது அவருடைய வழக்கம். அதையும் திட்டமிடலின் பகுதியாகத்தான் எண்ண வேண்டும்.

என்னைக் கேட்டால், புதிதாக எழுதுகிறவருக்கு நாலு விஷயம் தெரிந்தால் ஆரம்பிக்கலாம்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எவ்வளவு காலம், கடைசியில் அநேகமாக என்ன நடக்கும். அதற்கு மேல் மாதக்கணக்கில் திட்டம் போடுவது பெரும்பாலும் எழுதுவதைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு மரியாதையான வழி.

*இதுவரை:* களம், கதை, கதைப்பின்னல் மூன்றும் வேறு. பின்னலை இழுப்பது முரண். திட்டமிடும்போது குழு கேள்வி கேட்கலாம், கதை சொல்லக்கூடாது.

முதல் வரைவு: வாயை மூடிக்கொண்டு உட்காரும் குழு

செங்குத்து இங்கேதான். நாவல்கள் பெரும்பாலும் சாவது முதல் வரைவின் நடுவில். ஆரம்பத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது, எழுதினதைத் திரும்பப் படித்தால் மட்டமாக இருக்கும். மட்டமாகத்தான் இருக்கும். முதல் வரைவு என்பது கதையை எழுதுகிறவர் தனக்கே சொல்லிப் பார்ப்பது, அதில் நடை பார்க்கக்கூடாது.

இதற்கு ஒரு கூட்டு ஏற்பாடு உலக அளவில் நடந்தது. 1999இல் கிறிஸ் பேட்டி என்பவர் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் இருபது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதத்தில் நாவல் எழுதும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். 'நானோரைமோ' என்று பெயர் பெற்று, ஆண்டுதோறும் நவம்பரில் லட்சக்கணக்கானவர்கள் கலந்துகொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. இலக்கு 50,000 சொற்கள், நாளொன்றுக்கு 1,667. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த மாதத்தில் யாரும் யாருடைய எழுத்தையும் மதிப்பிடுவதில்லை. இன்றைக்கு எத்தனை சொல் என்பது மட்டும்தான் கேள்வி.

அந்த எண்ணிக்கையை அப்படியே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்குச் சொற்கள் குறைவாகத்தான் ஆகும். வேலைக்குப் போகிறவர், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர், நாளுக்கு 300 சொல் எழுதினால் 200 நாளில் 60,000 ஆகிவிடும். நல்ல அளவுள்ள தமிழ் நாவல் அது.

எங்கள் குன்னூர்க் குழுவில் முதல் வரைவுக் கட்டத்தில் இருப்பவர்கள் வந்தால், ஆளுக்கொரு டம்ளர் டீ, நடுவில் ஒரு தட்டு வர்க்கி, ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் எழுதுவது. அவ்வளவுதான். முடிந்ததும் எண்ணிக்கையைச் சொல்வார்கள், யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், "இதுக்கா மலை ஏறி இறங்கி வந்தேன்" என்று கேட்டவர்களும் உண்டு. காரணம் எளிது. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒருவர் பிரமாதம் என்றால், எழுதினவர் அந்த அத்தியாயத்தையே மெருகேற்றிக்கொண்டு இருப்பார். ஒருவர் முகத்தைச் சுளித்தால், சரிசெய்கிறேன் என்று அதே அத்தியாயத்துக்குத்தான் திரும்புவார். இரண்டிலும் இரண்டாம் அத்தியாயம் வராது.

நம்மிடம் தொடர்கதை மரபு ஒன்று இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கி 1950லிருந்து 1954 வரை வாரா வாரம் 'பொன்னியின் செல்வன்' எழுதினார், தமிழ்நாடே காத்திருந்து படித்தது. ஜெயமோகன் 2014லிருந்து 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாள்தோறும் வெளியிட்டார், மொத்தம் 26 நாவல்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, முதல் அத்தியாயத்தை வாட்ஸப்பில் போட்டுவிட்டுக் கட்டைவிரல்களுக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். தொடர் எழுதுகிறவர் வெளியானதைப் பின்னால் போய் மாற்ற முடியாது. பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரிப்படும். முதல் நாவலுக்கு, பின்னால் போய் மாற்றும் உரிமைதான் பெரிய சொத்து.

வரைவு நடுவில் நின்றால் கைகொடுக்கும் இரண்டு சின்ன வழக்கங்கள் உண்டு. ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே பரிந்துரைத்தது: அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துவது. மறுநாள் வெற்றுத்தாளின் முன்னால் உட்கார வேண்டியிருக்காது. இன்னொன்று, தெரியாத தகவலுக்காக நிற்காமல், 'இங்கே கப்பல் பெயர்', 'அந்த வருஷம் கிலோவுக்கு என்ன கூலி?' என்று கட்டம் போட்டுவிட்டு மேலே போவது. கப்பல் பெயரைத் தேடப் போனவர் இரண்டு வாரம் கழித்துக் கப்பல்களின் வரலாற்றோடு திரும்பி வருவார், நாவல் துறைமுகத்திலேயே நிற்கும்.

*இதுவரை:* முதல் வரைவில் குழு படிக்கக்கூடாது, கூட இருக்க வேண்டும்.

படித்துவிட்டு என்ன சொல்வது?

முதல் வரைவு முடிந்து, எழுதினவரே ஒருமுறை திருத்தின பிறகுதான் மற்றவர்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டுச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைப்பதால்தான் பல குழுக்கள் உடைகின்றன.

நம் கற்பனை நாவலின் வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அக்காவை நினைத்து அவளுக்கு மிகவும் வேதனையாக இருந்தது. இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டோமே என்று வருந்தினாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது."

ஒருவர் "அருமை, கண்ணு கலங்கிடுச்சு" என்கிறார். எழுதினவருக்குச் சந்தோஷம், பயன் ஒன்றும் இல்லை. இன்னொருவர் "இங்கே ஒரு போன் சீன் வையுங்க, அக்கா அந்தப் பக்கம் எடுத்துட்டுப் பேசாம இருக்கட்டும்" என்கிறார். மருந்து எழுதிவிட்டார், நோய் என்ன என்று சொல்லவில்லை. மூன்றாவது ஆள்: "அவ வருத்தப்படுறான்னு நீங்க எழுதியிருக்கறதாலதான் எனக்குத் தெரியுது. என்னால அதைப் பாக்க முடியலை. இந்த இடத்துல என் கவனம் போயிடுச்சு." மூன்றாமவர் சொன்னதுதான் உதவி. படிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னார். எப்படிச் சரிசெய்வது என்பதை எழுதினவரிடம் விட்டுவிட்டார். அவர் வீட்டுக்குப் போய் இப்படி மாற்றுகிறார்:

"ஹட்டனிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் எடுத்து, உறையின் பின்புறம் இருந்த முகவரியை மட்டும் கத்தரித்துக்கொண்டு, பத்திரிகையைப் பழைய பேப்பர் கட்டில் செருகினாள்."

வருத்தம் என்ற சொல்லே இல்லை. முகவரியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் கையை யாரும் யோசனையாகச் சொல்லியிருக்க முடியாது, அது அந்த எழுத்தாளருக்கே உரியது. (இதை வைத்து 'சொல்லாதே, காட்டு' என்று மந்திரம் ஓத ஆரம்பித்துவிடாதீர்கள். முப்பது வருஷத்தை ஒரே வரியில் சொல்லித் தாண்ட வேண்டிய இடங்களும் நாவலில் உண்டு.)

இன்னொரு வகை உதவி, உள்ளூர்த் தகவல். இளையவள் கல்யாணமாகிக் கூடலூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகிறாள். அங்கே ஜூன் மாதம் பேய்மழை, மண்சரிவு என்று வரைவில் இருக்கிறது. கோத்தகிரியில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் உறுப்பினர் உடனே பிடித்துவிடுவார்: "அண்ணே, ஜூன்ல கொட்டுறது கூடலூர், பந்தலூர்ப் பக்கம். எங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையிலதான் அடிச்சு ஊத்தும்." 2009 நவம்பரில் மலை முழுக்கச் சரிந்த நாட்களை மறக்காதவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். மண்சரிவு நவம்பருக்குப் போனால், அதனால் நின்றுபோன ஒரு உறவுக்காரக் கல்யாணமும் தள்ளிப்போகும், அதற்கு வர இருந்த அக்காவின் விசாவும் காலாவதியாகும். 'அதனால்'களால் கட்டிய பின்னலில் ஒரு மாதம் மாறினால் என்னவெல்லாம் அசைகிறது என்று பாருங்கள். எழுதினவருக்கு இரண்டு வாரம் வேலை. ஆனால் அந்த விசா காலாவதி புதிதாகக் கிடைத்த முரண்.

எழுதினவர் அந்த நேரத்தில் பேசலாமா? 1936இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியாகப் பரவிய முறையில், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதினவர் வாய் திறக்கக்கூடாது. புத்தகக் கடையில் வாசகருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது என்பது அதன் நியாயம். அதில் ஒரு குறையும் உண்டு. அறையில் யாருக்கும் மலையகப் பேச்சு தெரியாவிட்டால், 'லயம்' என்ற சொல்லைச் சங்கீதம் என்று எண்ணி அரைமணி நேரம் விவாதிப்பார்கள், அது தொழிலாளர் குடியிருப்பு என்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை இதற்கு மாற்று. முதலில் எது மனதில் நின்றது என்று கேட்டவர்கள் சொல்வார்கள். அப்புறம் படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக மற்றவர்கள் அபிப்பிராயம் கலக்காமல் கேள்வி கேட்பார்கள். கடைசியில், படைத்தவர் சம்மதித்தால் மட்டும் அபிப்பிராயம். எனக்கு இரண்டாவது முறைதான் பிடித்திருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் ஆட்கள் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள்.

கேட்ட எல்லாவற்றையும் எழுதினவர் ஏற்க வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரே பக்கத்தில் சலித்தார்கள் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. மூன்று பேரும் மூன்று விதமாகத் திருத்தச் சொன்னார்கள் என்றால், அந்த மூன்று யோசனைகளையும் விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் பார்க்கலாம்.

இதற்குப் பிறகு வரும் சந்தி, ஒற்றுப்பிழை, மெய்ப்பு எல்லாம் குன்னூருக்கு மேலே உள்ள, பல் தண்டு வேண்டாத பாதை. நல்ல மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் கிடைத்தால் போதும், குழு தேவையில்லை.

கதையைத் திருடிவிட்டால்?

எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காத கேள்வி இது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே எழுத்துக்கு உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது நீடிக்கும். ஆனால் பாதுகாப்பு எழுதிய வடிவத்துக்குத்தான், யோசனைக்கு அல்ல. பிரிந்த இரண்டு சகோதரிகள் என்ற யோசனையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தாலும் அரிசி டப்பாவும் கத்தரித்த முகவரியும் அவர்களுக்கு வராது. தேதியோடு பிரதிகளைச் சேமித்து வையுங்கள், மின்னஞ்சலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

நாலு பேர் கிடைத்தால் போதும், ஏழுக்கு மேல் போனால் ஒருவருக்கும் முறை வராது. எல்லோரும் எழுத்தாளர்களாக இருப்பதைவிட எல்லோரும் நாவல் படிக்கிறவர்களாக இருப்பது முக்கியம். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று நாளைக் கட்டிவிடுங்கள், ஆள் குறைந்தாலும் நடத்துங்கள். படிக்க வேண்டிய பக்கங்களை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து முதல்முறையாகப் படித்தால் கோத்தகிரிக்காரருக்குக் கடைசி பஸ் போய்விடும்.

அனுப்பும் பக்கத்தின் தலையில் எந்தக் கட்டம் என்று எழுதுங்கள்: 'திட்டம், கேள்விகள் வேண்டும்', 'முதல் வரைவு, படிக்க வேண்டாம், எண்ணிக்கை மட்டும்', 'இரண்டாம் வரைவு, எங்கே சலிப்பு தட்டியது என்று சொல்லவும்'. இந்த ஒரு வரி இல்லாததால்தான் பிரதிக்குத் தேவையில்லாத உதவி வந்து சேர்கிறது. முதல் வரைவை அனுப்பினவருக்கு ஒற்றுப்பிழைப் பட்டியல் வரும், மூன்றாம் வரைவை அனுப்பினவரிடம் "கதாநாயகியை ஆம்பளையா மாத்திப் பாருங்களேன்" என்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ரோடு அடைபட்டால் கூட்டத்தைப் போனில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர மௌன எழுத்தும் போனில் நடக்கும். ஸ்பீக்கரை அணைக்காமல் வைத்துவிட்டு எழுத வேண்டியதுதான்.